‘எழுதியாச்சு’ என்றால் எழுதியிருக்க வேண்டும்

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: கணக்கு ஏறும் கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது, சில நேரம் ஏறிய கணக்கே காணாமல் போகிறது. டிஸ்க்கும் டேட்டாபேஸும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

உப்பு வணிகர், மரக்காணம்: மாசி பிறந்தால் எடைமேடையில் லாரி வரிசை கட்டிவிடும். ஒரு பில் போட அரை நிமிடம் ஆகிறது. சாஃப்ட்வேர்காரர் புது பிராசஸர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். லாரி நிற்கிற நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் பத்து சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் நூறில் முட்டி நிற்கிறது என்றால், புது பிராசஸரும் அதே இடத்தில் போய்ச் சும்மாதான் உட்காரும்.

உங்களிடம் இருப்பது 7,200 சுற்று ஹார்டு டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேடுகிற இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். அதற்கு முன்னால் தலை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு 8 அல்லது 9. கூட்டினால் 12, 13 மில்லிவினாடி. ஆக, அங்கொன்று இங்கொன்று என்று தேடினால் வினாடிக்கு சுமார் 80 தடவைதான் அந்த டிஸ்க்கால் எடுத்துத் தர முடியும். ஒரு தடவைக்கு ஒரு ‘பக்கம்’, 16 கிலோபைட் என்றால் வினாடிக்கு 1.3 மெகாபைட். அதே டிஸ்க்கை வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள், 150 மெகாபைட் தாராளமாகத் தரும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம், டிஸ்க் ஒன்றுதான்.

உங்கள் பில் திரை, வாடிக்கையாளர் பாக்கி, பழைய லோடு, வரி விவரம் என்று 2,000 பக்கங்களைத் தொட்டுவிட்டு வந்தால் 25 வினாடி போய்விடும். அரை நிமிடத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டேட்டாபேஸுக்குச் சேமிப்பு அமைப்பது என்றால் முதல் வேலையே இந்தத் தேடல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. வேகமான டிஸ்க் அதற்கு அடுத்தது.

அதே கரையில் இன்னொரு வணிகர், கூனிமேடு: எஸ்எஸ்டி போட்டோம். பறந்தது. ஆறே மாதத்தில் பழைய கதை. எஸ்எஸ்டி தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை. உங்கள் டேபிள் வளர்ந்துவிட்டது, இண்டெக்ஸ் இல்லை. ஒரு லாரி எண்ணைத் தேட முழு டேபிளையும் படிக்கிறது. எஸ்எஸ்டி அந்தக் குறையை ஆறு மாதம் மூடி வைத்திருந்தது.

இண்டெக்ஸ் என்பது 1972-ல் பேயரும் மெக்ரைட்டும் வெளியிட்ட பி-ட்ரீ அமைப்புதான், பெரும்பாலான டேட்டாபேஸ்களில். ஒரு பக்கத்தில் 500 சாவி அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கில் 12.5 கோடி வரிகளை எட்டிவிடலாம். மேல் அடுக்குகள் பெரும்பாலும் ரேமிலேயே இருக்கும் என்பதால் டிஸ்க்கை ஒன்றிரண்டு தடவை தொட்டாலே வேலை முடிந்துவிடும். லாரி எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போடச் சொல்லுங்கள். ஒரு வரிக் கட்டளை.

அதே வாசகர்: ரேம் எவ்வளவு வேண்டும்?

அன்றாடம் தொடுகிற தரவு முழுக்க அடங்கும் அளவு. பத்து வருடக் கணக்கும் அடங்க வேண்டியதில்லை. இந்த சீசனின் கணக்கும் இண்டெக்ஸும் அடங்கினால் போதும்.

இதற்கு ஜிம் கிரேயும் ஜான்ஃபிராங்கோ புட்ஸோலுவும் 1987-ல் ஒரு விதி எழுதினார்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தொடப்படும் பக்கத்தை ரேமில் வைத்திருப்பதே சிக்கனம். டிஸ்க் விலையையும் ரேம் விலையையும் தட்டில் வைத்து நிறுத்து வந்த எண் அது. விலைகள் மாற மாற எண்ணும் மாறும், நிறுக்கும் முறை மாறாது. 1998-ல் டூரிங் விருது பெற்ற கிரே, 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் போனவர் திரும்பவில்லை. கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு அந்த இழப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர், திண்டிவனம்: லாக், லாக் என்கிறார்கள். டேபிளில் எழுதுவதற்கு முன் லாக்கில் எழுது என்றால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதுவது வேகத்தைக் குறைக்காதா?

நல்ல கேள்வி தம்பி. பழைய மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. வரவு வந்ததும் சிட்டையில் ஒரு வரி. சாயங்காலம் ஆற அமர உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார். லாக் சிட்டை, டேபிள் பேரேடு. சிட்டையில் அடுத்தடுத்த வரியாக எழுதிக்கொண்டே போகலாம், பக்கம் புரட்ட வேண்டாம். டிஸ்க்குக்கு வரிசை எழுத்து எவ்வளவு சுலபம் என்பதை மேலே பார்த்தோம். பேரேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் வேறு வேறு பக்கம். வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு அதைச் செய்தால் கடை ஓடாது. ஆகவே இரண்டு முறை எழுதுவதுதான் வேகம்.

விதி ஒன்றே ஒன்று: பேரேட்டுப் பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன் அதற்குரிய சிட்டை வரி டிஸ்க்கில் பதிந்திருக்க வேண்டும். ‘கமிட் ஆனது’ என்று டேட்டாபேஸ் சொல்வது, அந்தச் சிட்டை வரி பதிந்த பிறகுதான்.

இதற்கு முழுமையான வழிமுறை வகுத்தவர்களில் முதல் பெயர் நம் பக்கத்துக்காரருடையது. சென்னை ஐஐடியில் 1977-ல் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர் சி. மோகன். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ல் டாக்டர் பட்டம் பெற்றுக்கொண்டு, ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவரும் ஹேடர்லே, லிண்ட்சே, பிராஹேஷ், ஷ்வார்ஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட கட்டுரைதான் ஏரீஸ். மெஷின் நடுவழியில் செத்து மறுபடி எழுந்தால் என்ன செய்வது என்பதற்கு அது மூன்று நடை சொல்கிறது. முதல் நடையில் லாக்கைப் படித்து, எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று கண்டுபிடி. இரண்டாவதில், நடந்ததை எல்லாம் நடந்தபடியே மறுபடி நடத்து, பாதியில் நின்றவற்றையும் சேர்த்து. மூன்றாவதில், பாதியில் நின்றவற்றை மட்டும் பின்னோக்கித் திருப்பி அழி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதைக் கடைசியாகத் தொட்ட லாக் வரியின் எண் இருக்கும். அதைப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் எதுவரை ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். திருப்பி அழிக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் குழப்பம் வராது, அழித்ததற்கும் லாக்கில் வரி இருப்பதால். ஐபிஎம்மின் டிபி2 தொடங்கிப் பல டேட்டாபேஸ்கள் இந்த வழியில்தான் எழுந்து நிற்கின்றன.

உங்கள் பாடப்புத்தகத்தையும் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். சில்பர்ஷாட்ஸ், கோர்த் பெயர்களோடு இருக்கும் சுதர்சனும், இன்னொரு புகழ்பெற்ற பாடநூலை எழுதிய ரகு ராமகிருஷ்ணனும் சென்னை ஐஐடியில் படித்தவர்கள்தான்.

அதே மாணவர்: அப்படியானால் லாக்குக்குத் தனி டிஸ்க் வேண்டுமா?

சுழலும் டிஸ்க் என்றால் கட்டாயம். வரிசையாக எழுதிக்கொண்டிருக்கும் தலையை ‘இங்கே வா, அந்தப் பக்கத்தைப் படி’ என்று இழுத்தால் வரிசை எழுத்தின் லாபமே போய்விடும். எஸ்எஸ்டியில் தலை கிடையாது, லாபம் குறைவு. அங்கே பிரித்து வைப்பதில் வேறு ஒரு நன்மை: தரவு டிஸ்க் செத்தால், நேற்றைய பேக்கப்பையும் சேர்த்து வைத்திருக்கும் லாக்கையும் கொண்டு இன்றைய கணக்கை மீட்கலாம்.

பெண் கணக்காளர், அனுமந்தை: ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் அம்பாரத்திலிருந்து அவசரமாக லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். கரண்ட் போய்விட்டது. ‘சேவ் ஆகிவிட்டது’ என்று திரையில் நான் கண்ணால் பார்த்த பில்கள் மறுபடி திறந்தபோது இல்லை. நான் போடவே இல்லை என்கிறார் முதலாளி.

அம்மா, நீங்கள் போட்டிருக்கிறீர்கள். இந்தப் பதிலை முதலாளியிடம் அப்படியே காட்டுங்கள்.

நீங்கள் பட்டனை அழுத்தியதும் பில் சாஃப்ட்வேரிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகிறது. டேட்டாபேஸ் அதை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கி ரேமில் வைத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்கிறது. ‘ரேமில் வேண்டாம், டிஸ்க்குக்குத் தள்ளு’ என்று சொல்லத் தனிக் கட்டளை உண்டு, எஃப்சிங்க் என்று பெயர். அதைச் சொன்னதும் சிஸ்டம் டிஸ்க்கிடம் தள்ளுகிறது. டிஸ்க்குக்குள்ளேயும் ஒரு சின்ன ரேம் இருக்கிறது. அதில் வாங்கி வைத்துக்கொண்டு, தகட்டிலோ ஃப்ளாஷிலோ எழுதாமலேயே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும் டிஸ்க்குகள் உண்டு. கரண்ட் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கரண்ட் போன அந்த நொடியில் உங்கள் பில்கள் அந்தச் சின்ன ரேமில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சங்கிலியில் யாரோ எஃப்சிங்க்கையே அணைத்து வைத்திருக்க வேண்டும்.

பொய் சொல்லும் டிஸ்க்கைப் பிடிக்க வழி இருக்கிறது. 7,200 சுற்று டிஸ்க் வினாடிக்கு 120 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறது என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு எழுத்துக்கு மேல் முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸோடு கூடவே வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். அந்த டிஸ்க் வினாடிக்கு மூவாயிரம் எஃப்சிங்க் முடித்தேன் என்று சொன்னால், பேட்டரியோடு கூடிய கன்ட்ரோலர் நடுவில் இல்லாத பட்சத்தில், அது எழுதவில்லை. எஸ்எஸ்டிக்கு இந்தச் சுற்றுக் கணக்கு பொருந்தாது. அதற்குப் பிளக்கைப் பிடுங்கும் சோதனைதான். எழுதிக்கொண்டே இருக்கும்போது கரண்டைப் பிடுங்கிவிட்டு, ‘ஆச்சு’ என்று சொன்னவை எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று பக்கத்து மெஷினிலிருந்து சரிபார்ப்பது. பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சின்ன நிரல் இதைத்தான் செய்கிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியது: ‘கரண்ட் போனால் காக்கும் கெப்பாசிட்டர் உள்ளே இருக்கிறதா?’ சர்வருக்கென்று வரும் எஸ்எஸ்டிகளில் இருக்கும். கரண்ட் போனதும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை வைத்து உள் ரேமில் இருப்பதை ஃப்ளாஷில் கொட்டிவிட்டுத்தான் அணையும். அதனால் அது ‘எழுதியாச்சு’ என்று உடனே சொன்னாலும் உண்மைதான் சொல்கிறது. வேகமும் நம்பிக்கையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது. டேட்டாபேஸுக்கு டிஸ்க் வாங்குகிறவர் வேறு எதில் கை சுருக்கினாலும் இதில் சுருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிவர், ஃபெஞ்சல் என்று நான்கு வருட இடைவெளியில் இரண்டு புயல் கடந்த கரை உங்களுடையது. யூபிஎஸ் அவசியம், ஆனால் யூபிஎஸ்ஸின் பேட்டரியும் ஒருநாள் தீரும், ஒயரும் கழலும்.

அதே கணக்காளர்: சாஃப்ட்வேர்களே இதில் தவறு செய்வதில்லையா?

செய்திருக்கின்றன. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் சுமார் 20 வருடம் நம்பியிருந்தது. லினக்ஸோ, முதல் தடவை பிழை சொல்லிவிட்டு, எழுதாத அந்தப் பக்கங்களை எழுதப்பட்டவையாகக் குறித்துவிடும். இரண்டாம் தடவை கேட்டால் ‘எல்லாம் சரி’ என்று பதில் வரும். 2018-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தப் பதிப்புகள் முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் தன்னை நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மறுபடி எழுந்து வருகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர், முருக்கேரி: மைஎஸ்க்யூஎல்லில் கமிட் செட்டிங்கை 1-லிருந்து 2-க்கு மாற்றினேன். வேகம் பல மடங்கு. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. சரிதானே?

அவரிடம் சொல்லிவிட்டு மாற்றினீர்களா? 1 என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக்கை டிஸ்க்கில் பதித்த பிறகே ‘ஆச்சு’. 2 என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிட்டு உடனே ‘ஆச்சு’. டிஸ்க்குக்குப் போவது வினாடிக்கு ஒருமுறை. கரண்ட் போனால் கடைசி ஒரு வினாடிக் கணக்கு போகும். பறவைகளை எண்ணி வைக்கும் பதிவுக்கு அது பரவாயில்லை. பணம் வாங்கிப் போட்ட பில்லுக்குப் பரவாயில்லை என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது, பில்லுக்குச் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸிலும் இப்படி ஒன்று உண்டு. சின்க்ரனஸ் கமிட்டை அணைத்தால் கடைசிச் சில கமிட்டுகள் போகலாம், மிச்சம் ஒழுங்காக இருக்கும். எஃப்சிங்க்கை அணைத்தால் டேட்டாபேஸே சிதைந்து போகலாம். முதலாவதைத் தெரிந்து செய்யலாம். இரண்டாவதைச் செய்யவே வேண்டாம்.

1-லேயே வைத்துக்கொண்டும் வேகம் எடுக்கலாம். ஒரே நேரத்தில் பத்து பேர் பில் போட்டால், பத்து கமிட்டையும் ஒரே எஃப்சிங்க்கில் சேர்த்துத் தள்ள டேட்டாபேஸுக்குத் தெரியும். நூறு வரியை உள்ளே ஏற்றுகிறீர்கள் என்றால் நூறு கமிட் வேண்டாம், ஒன்று போதும்.

அவரே: சரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போஸ்ட்கிரெஸ் திணறுகிறது. பேயா?

செக்பாயிண்ட். சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றும் நேரம். அதன் வழக்கமான இடைவெளியே ஐந்து நிமிடம்தான். இடைவெளியைக் கூட்டி, லாக்குக்கு இன்னும் இடம் கொடுத்து, வேலையைப் பரவலாகச் செய்யச் சொல்லுங்கள். புயலுக்குப் பிறகு எழுந்து நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே.

கூட்டுறவுச் சங்க ஊழியர், பிரம்மதேசம்: நான்கு டிஸ்க் இருக்கிறது. ரெய்டு 5-ஆ, 10-ஆ?

எழுத்து அதிகமுள்ள டேட்டாபேஸ் என்றால் 10. ரெய்டு 5-ல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வேலை: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் (டிஸ்க் செத்தால் மீட்க வைக்கும் உதவிக் கணக்கு) படி, புதுத் தரவை எழுது, புதுப் பாரிட்டியை எழுது. ரெய்டு 10-ல் இரண்டே எழுத்து. டிஸ்க்குக்கு 80 என்று நான்குக்கும் 320 வைத்துக்கொண்டால், 5-ல் வினாடிக்கு 80 எழுத்து, 10-ல் 160. நான்கு டிஸ்க் வாங்கி ஒரு டிஸ்க்கின் எழுத்து வேகத்தில் ஓட்டுவதற்கு எதற்குச் செலவு? இடம் அதிகம் வேண்டும், பெரும்பாலும் படிக்கத்தான் போகிறோம் என்றால் 5-ஐ வைத்துக்கொள்ளலாம்.

1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு கட்டுரையை எழுதியபோது அந்தச் சின்ன எழுத்துச் செலவையும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். விற்பவர்கள் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவதில்லை.

உப்பள உரிமையாளர், மரக்காணம்: அளத்தை ஒட்டிய ஷெட்டில் சர்வர் வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் போர்டு பச்சை பூத்துவிடுகிறது. மூன்றாவது மெஷின் இது. ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றோட்டமாகத்தான் வைத்திருக்கிறோம்.

அந்தக் காற்றோட்டம்தான் காரணம். ஜன்னலை மூடுங்கள்.

சுத்தமான சாதா உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டால் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் காற்றில் வருவது சுத்த உப்பல்ல, மக்னீசியம் குளோரைடும் கலந்தது. அது 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கும். மக்னீசியம் அதிகமுள்ள உப்பு அம்பாரத்தில் எப்போதும் நசநசவென்று இருப்பதை உங்கள் ஆட்கள் கையால் அறிவார்கள். அதே கசிவு, போர்டில் இரண்டு செப்புக் கோடுகளுக்கு நடுவில் நடக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் தின்னும். நீங்கள் பார்க்கும் பச்சை அதுதான்.

சர்வரைக் கடல் காற்று நேரே வராத உள் அறைக்கு மாற்றுங்கள். வெளிக்காற்றை இழுக்காத, உள்காற்றையே சுழற்றும் ஏசி போடுங்கள். கதவிடுக்கில் ரப்பர் பட்டை. ஈரம் பாதிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினை ராத்திரி அணைத்துக் காலையில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்ந்த போர்டில்தான் ஈரம் படியும். ஒரு பைசா செலவில்லாத சோதனையும் இருக்கிறது: பளபளவென்று தேய்த்த செப்புத் துண்டை சர்வர் பக்கத்தில் ஒரு மாதம் வையுங்கள். பெரிய டேட்டா சென்டர்களும் செப்பு, வெள்ளித் தகடுகளை வைத்துத்தான் அளக்கின்றன. மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் செம்பு அரிக்கப்பட்டால் நல்ல காற்று என்பது அவர்கள் கணக்கு. உங்கள் துண்டு ஒரே மாதத்தில் மங்கிக் கறுத்தால் கருவியே வேண்டாம், அறையை மாற்றுங்கள்.

சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு மூச்சுவிடும் சின்னத் துளை உண்டு, வடிகட்டியோடு. ஹீலியம் நிரப்பிய டிஸ்க்குகள் முழுக்க மூடியவை. ஆனால் எந்த டிஸ்க்கானாலும் வெளியே ஒட்டியிருக்கும் போர்டு திறந்தேதான் கிடக்கிறது.

டேட்டா என்ட்ரி பார்க்கும் வாசகி, கோட்டக்குப்பம்: ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஏற்றினால் டேட்டாபேஸ் கனக்கும், ஆங்கிலத்தில் போடு என்கிறார் மேலாளர். உண்மையா?

பாதி உண்மை. ‘மரக்காணம்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள், ஆக ஒன்பது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். மொத்தம் 27. ஆங்கிலத்தில் எழுதினால் பத்து. இண்டெக்ஸில் சாவி பெருத்தால் ஒரு பக்கத்தில் அடங்கும் சாவிகள் குறையும், ரேமும் சீக்கிரம் நிரம்பும்.

ஆனால் அதற்குத் தமிழை விட வேண்டாம். ஊர்ப் பட்டியலுக்குத் தனி டேபிள் போட்டு, ஊருக்கு ஓர் எண் கொடுங்கள். பில்லில் அந்த நான்கு பைட் எண் மட்டும். அப்போது ஆங்கிலப் பெயரைவிடவும் சிறிது. தமிழில் ஏற்றுங்கள், தமிழில் தேடுங்கள்.

பறவை ஆர்வலர், கழுவெளி ஏரிப் பக்கம்: கழுவெளிக்கு வரும் பறவைகளைப் படம் எடுத்துச் சேர்க்கிறோம். படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கலாமா?

2006-ல் சியர்ஸ், வான் இங்கென், ஜிம் கிரே மூவரும் மைக்ரோசாஃப்டில் இதை அளந்தே பார்த்தார்கள். 256 கிலோபைட்டுக்குக் கீழே என்றால் டேட்டாபேஸுக்குள் நல்லது, ஒரு மெகாபைட்டுக்கு மேல் என்றால் ஃபைலாக வெளியே நல்லது, நடுவில் இருப்பது பயன்பாட்டைப் பொறுத்தது. எண்கள் அவர்கள் சோதித்த சாஃப்ட்வேருக்கானவை, ஆனால் சாய்வு இன்றும் அதேதான். உங்கள் கேமரா படம் ஐந்தாறு மெகாபைட் இருக்கும். படத்தை ஃபோல்டரில் வையுங்கள்; தேதி, இனம், எண்ணிக்கை, படத்தின் பாதை ஆகியவற்றை டேட்டாபேஸில் வையுங்கள். சின்ன முன்னோட்டப் படத்தை வேண்டுமானால் உள்ளே வைக்கலாம். பேக்கப் எடுக்கும்போது ஃபோல்டரை மறந்துவிடாதீர்கள்.

இளம் பொறியாளர், கடப்பாக்கம்: அளத்துப் பாத்திகளில் நூறு சென்சார் வைத்து, உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவை நிமிடத்துக்கு ஒருமுறை பதியப் போகிறோம். எல்எஸ்எம் ட்ரீ உள்ள பெரிய டேட்டாபேஸ் தேவை என்கிறார் நண்பர்.

உங்கள் திட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 25 போமேயில் உப்பு விளையத் தொடங்கும் அந்த நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பது நல்ல சரக்குக்கு ஆதாரம்.

நூறு சென்சார், நாளுக்கு 1,440 நிமிடம்: 1,44,000 வரி. வினாடிக்கு இரண்டு வரி கூட இல்லை. எஸ்க்யூலைட் போதும். அதை, முதலில் லாக்கில் எழுதும் வால் (WAL) முறையில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு கமிட்டில் நூறு வரியையும் சேர்த்து எழுதுங்கள். சாதாரண எஸ்எஸ்டி வியர்க்கக் கூட வியர்க்காது.

எல்எஸ்எம் என்பது 1996-ல் ஓ’நீல், செங், காலிக் ஆகியோர் எழுதிய முறை. வருவதை ரேமில் சேர்த்து, வரிசைப்படுத்தி, மொத்தமாக டிஸ்க்கில் கொட்டி, பிறகு பின்னணியில் கலந்து அடுக்கும். ராக்ஸ்டிபி அந்த வகை. வினாடிக்கு லட்சக்கணக்கில் எழுத்து வந்தால் அருமையான வழி. பின்னணியில் கலந்து அடுக்குவதால் ஒரே தரவு டிஸ்க்கில் பல தடவை எழுதப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதே பொறியாளர்: வரிகளுக்கு யூயூஐடி சாவி போடலாமா?

தாறுமாறாக வரும் யூயூஐடி வேண்டாம்; ஒவ்வொரு வரியும் பி-ட்ரீயின் வேறு மூலையில் போய் விழும், ரேமிலிருக்கும் எல்லாப் பக்கமும் அழுக்காகும். நேர வரிசையில் வரும் ஏழாம் பதிப்பு 2024-ல் முறைப்படி வந்துவிட்டது. அதைப் போடுங்கள்.

அரசு ஊழியர், செய்யூர்: காலை பத்து மணிக்குத் தத்கால் திறந்ததும் திணறுவது டிஸ்க்காலா?

டிஸ்க்கை மாற்றினால் மட்டும் தீராது. ஒரே ரயிலின் ஒரே இருக்கைப் பட்டியலை எல்லோரும் ஒரே வினாடியில் மாற்ற வருகிறார்கள். ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருந்தே ஆக வேண்டும். பூட்டு எவ்வளவு சின்னதோ, எவ்வளவு குறைந்த நேரம் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. மோகன் குழுவின் ஏரீஸ் கட்டுரைத் தலைப்பிலேயே ‘நுண்ணளவுப் பூட்டு’ என்ற பொருள் இருப்பதற்குக் காரணம் இதுதான். கமிட் வேகமானால் பூட்டும் சீக்கிரம் விடும் என்ற அளவில் லாக் டிஸ்க்குக்கும் பங்கு உண்டு.

உப்பு வணிகர், மரக்காணம்: இவ்வளவு தொல்லை எதற்கு? கிளவுடுக்குப் போய்விட்டால்?

கரண்ட், ஈரம், துரு மூன்றும் உங்கள் தலையிலிருந்து இறங்கும். பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் டிஸ்க் வேகம் அளந்துதான் விற்கப்படுகிறது. அமேசானின் ஜிபி3 டிஸ்க் வினாடிக்கு 3,000 தேடலில் தொடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் காசு. 80 தேடலில் ஓட்டிய உங்களுக்கு அது கடல்.

புதுத் தொல்லை தூரம். மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே மையம் உண்டு, அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும். போய்வர முப்பது மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு திரைக்கு அறுபது கேள்வி கேட்கும் சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட இரண்டு வினாடியை வழியிலேயே விட்டுவிடும். சாஃப்ட்வேரையும் சேர்த்து மேலே ஏற்றிவிட்டு, பிரவுசரில் மட்டும் இங்கே பாருங்கள். எடைமேடையில் நெட் அறுந்தால் பில் போட ஒரு மாற்று வழியும் இருக்க வேண்டும், லாரி நிற்காது.

அதே வணிகர்: பேக்கப் புதுச்சேரி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். போதும்தானே?

உங்கள் மீது வரும் புயல் புதுச்சேரி மீதும் வரும். ஃபெஞ்சல் கரை கடந்ததே அதற்குப் பக்கத்தில்தான். ஒரு பிரதியை மதுரை, கோவை என்று கடலை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள். கிளவுடில் வைத்தாலும் சரி. ரெய்டை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். தவறுதலாக அழித்ததை அது எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துவிடும்.

வைத்ததோடு விட்டுவிடாமல் வேறு ஒரு மெஷினில் மீட்டுப் பார்க்க வேண்டும். முழுக் கணக்கும் எழுந்து வருகிறதா, கடைசி பில் எண் எது, எத்தனை மணி நேரம் ஆனது என்று மூன்றையும் ஒரு தாளில் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஐப்பசி மழை பிடித்து அளம் ஓய்ந்ததும் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கார்த்திகைப் புயலுக்கு அப்போது இன்னும் சில நாள் இருக்கும், தவறு ஏதும் தென்பட்டால் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.